வழக்கறிஞர் விளம்பரமும் ‘ஸ்பெஷலிஸ்ட்’ பட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். எதுவரை சொல்லலாம், எங்கே தாண்டினால் தப்பு என்பதில்தான் குழப்பம். முதல் போர்டு எழுதக் கொடுக்கும் இளம் வழக்கறிஞர், அவருக்கு இணையதளம் செய்துதரும் டிசைனர், ‘டைவர்ஸ் ஸ்பெஷலிஸ்ட்’ என்று அச்சடித்த கார்டைப் பார்த்து நம்பலாமா என்று யோசிக்கும் கட்சிக்காரர் ஆகிய மூவரும் கேட்கும் கேள்விகள் இங்கே.

தடை எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

வழக்கறிஞர்கள் சட்டம், 1961. அதன் பிரிவு 49(1)(சி), தொழில் ஒழுக்க விதிகளை வகுக்கும் அதிகாரத்தை, வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலுக்குக் கொடுக்கிறது. அப்படி வகுத்த விதிகளின் 6-ஆம் பகுதி, 2-ஆம் அத்தியாயத்தில் இருப்பதுதான் விதி 36. இது மீறப்பட்டால் பிரிவு 35-இன் கீழ் தொழில்முறை தவறாகக் கருதி நடவடிக்கை எடுக்கலாம்.

இந்த விதி வைக்கப்பட்டிருக்கும் இடத்தைக் கவனியுங்கள். கட்சிக்காரருக்கு வழக்கறிஞர் ஆற்ற வேண்டிய கடமைகளில் இது வரவில்லை. சக வழக்கறிஞர்களுக்கான கடமைகள் என்ற தலைப்பின் கீழ் வருகிறது. அடுத்தவர் வேலையைப் பிடுங்காதே என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட விதி இது. மக்களை ஏமாற்றும் விளம்பரத்தைத் தடுப்பது அதன் கூடுதல் பயன். ‘நான் போட்டது அத்தனையும் உண்மைதானே’ என்ற வாதம் எடுபடாமல் போவதற்கு இதுவே காரணம். உண்மையான விளம்பரமும் விளம்பரம்தான்.

விதி 36 எதையெல்லாம் தடுக்கிறது?

நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை கேட்பதையும் விளம்பரம் செய்வதையும். வழிகளையும் அதுவே சொல்கிறது: சுற்றறிக்கை, விளம்பரம், தரகர், தனிப்பட்ட கடிதத் தொடர்பு, பழக்கமில்லாதவரைப் போய்ச் சந்திப்பது, பத்திரிகையில் கருத்து வரச் செய்வது, தான் ஆஜராகும் வழக்கு தொடர்பாகத் தன் படத்தைப் பிரசுரிக்கக் கொடுப்பது.

கடைசி இரண்டும் இன்று தினமும் மீறப்படுகின்றன. நீதிமன்ற வாசலில் மைக் முன் நின்று தன் வழக்கைப் பற்றிப் பேட்டி கொடுப்பது விதியின் வாசகத்தின்படி தடைக்குள் வருகிறது. எல்லோரும் செய்வதால் அது அனுமதி ஆகிவிடாது. புகார் வந்தால் அந்தக் காணொளியே சாட்சி.

அலுவலக போர்டு எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

‘நியாயமான அளவு’ என்று மட்டுமே விதி சொல்கிறது. அடிக்கணக்கு எதுவும் இல்லை. அலுவலகம் தேடி வருபவர் வாசலை அடையாளம் காணப் போதுமான அளவு என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. மொட்டை மாடியில் ஓடும் எல்இடி எழுத்து, தெருமுனையிலிருந்து அம்புக்குறி போட்டு வரிசையாக வைத்த போர்டுகள், மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் எதிரே நட்ட பலகை ஆகியவை அடையாளம் காட்டுவதைத் தாண்டி ஆள் பிடிக்கும் வேலைக்குப் போய்விட்டவை.

பெயர், பட்டம், ‘வழக்கறிஞர்’ என்ற சொல், முகவரி, தொலைபேசி எண், சந்திக்கும் நேரம் போதும். போர்டிலோ லெட்டர்ஹெட்டிலோ வரக் கூடாதவற்றை விதியே சொல்லிவிடுகிறது: பார் கவுன்சில் அல்லது எந்தச் சங்கத்தின் தலைவர், உறுப்பினர் என்பதும், முன்பு அப்படி இருந்தார் என்பதும், ஒரு நபரோடும் நிறுவனத்தோடும் குறிப்பிட்ட பிரச்சினையோடும் உள்ள தொடர்பு, குறிப்பிட்ட வகை வழக்குகளில் தனித்திறன் உள்ளவர் என்பது, முன்னாள் நீதிபதி, முன்னாள் அட்வகேட் ஜெனரல் என்பது.

நம் ஊர்களில் அதிகம் காணப்படும் மீறல் ‘... வங்கியின் சட்ட ஆலோசகர்’ என்ற வரி. வங்கியின் பேனலில் இருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அது நிறுவனத்தோடு உள்ள தொடர்பைக் காட்டி நம்பிக்கை வாங்குவது. ‘மனித உரிமை’ என்று தொடங்கும் பெயருள்ள அமைப்புகளின் மாநிலச் செயலாளர், மாவட்டத் தலைவர் பதவிகளைக் கார்டில் போடுவதும் இதே வகை. அரசியல் கட்சிக் கொடி நிறத்தில் போர்டு எழுதுவது பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. கட்சிப் பதவியை எழுதினால் சிக்கல்.

‘கிரிமினல் ஸ்பெஷலிஸ்ட்’, ‘குடும்ப நல வழக்கு நிபுணர்’ என்று போடலாமா?

கூடாது. போர்டு, பெயர்ப்பலகை, எழுதுபொருள் மூன்றிலும் விதி 36 இதை வெளிப்படையாகத் தடுக்கிறது. விசிட்டிங் கார்டும் லெட்டர்ஹெட்டும் எழுதுபொருள்தான்.

தடை ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம்: ஒரு வழக்கறிஞரைக் குறிப்பிட்ட துறையின் நிபுணர் என்று சான்றளிக்கும் முறையே இந்தியாவில் இல்லை. மருத்துவத்தில் எம்.டி., அதற்கு மேல் டி.எம். படித்து, மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்து ஒருவர் இதய நிபுணர் ஆகிறார். வழக்கறிஞருக்கு அப்படிப்பட்ட இரண்டாம் படி கிடையாது. பதிவு ஒன்றுதான், அதை வைத்து வாடகை வழக்கும் நடத்தலாம், கொலை வழக்கும் நடத்தலாம். எனவே ‘சான்றளிக்கப்பட்ட சொத்து வழக்கு நிபுணர்’ என்று யார் சொன்னாலும், அந்தச் சான்றைக் கொடுத்தது யார் என்று கேளுங்கள். வரும் பதில் ஒரு தனியார் அமைப்பு, ஒரு ஆன்லைன் கோர்ஸ், அல்லது பணம் கட்டிப் பெற்ற விருது, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இதற்காக எல்லா வழக்கறிஞரும் எல்லா வழக்கிலும் ஒரே திறமை உள்ளவர்கள் என்று அர்த்தமில்லை. இருபது வருடம் மோட்டார் விபத்து இழப்பீடு மட்டுமே நடத்தியவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாது. அந்த அனுபவத்தைப் பட்டமாக மாற்றி வெளியே தொங்கவிடக் கூடாது என்பதே விதி. கட்சிக்காரர் நேரில் கேட்டால், எந்த வகை வழக்குகளை அதிகம் நடத்துகிறார் என்று சொல்வதில் தவறில்லை.

அப்படியானால் கட்சிக்காரர் அனுபவத்தை எப்படிச் சரிபார்ப்பது?

இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞர் பெயரையோ பார் பதிவு எண்ணையோ கொடுத்து, அந்த மாவட்ட நீதிமன்றத்தில் அவர் ஆஜராகும் வழக்குகளைத் தேடலாம். குடும்ப நல வழக்குக்காகப் போகிறீர்கள், பட்டியலில் செக் மோசடி வழக்குகளாகவே வருகின்றன என்றால் அதுவே ஒரு தகவல். இரண்டு எச்சரிக்கைகள். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் இனிஷியலும் ஒவ்வொரு நீதிமன்றப் பதிவிலும் மாறியிருக்கும். இரண்டு மூன்று விதமாகத் தட்டிப் பாருங்கள். சீனியரின் பெயரில் வக்காலத்து (வழக்கை நடத்தக் கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுத் தரும் அதிகாரப் பத்திரம்) இருந்தால் ஜூனியர் நடத்திய வழக்கு அவர் பெயரில் வராது. வெற்றி தோல்வியை எண்ணிச் சதவீதம் போடுவது வீண் வேலை: பலவீனமான வழக்குகளைத் துணிந்து எடுப்பவருக்குத் தோல்விகள் அதிகமாகவே தெரியும்.

சட்டப்படி உண்மையாகவே உள்ள தகுதிப் பெயர்கள் எவை?

மூன்றைச் சொல்லலாம். மூன்றும் துறை நிபுணத்துவச் சான்று அல்ல.

மூத்த வழக்கறிஞர்: சட்டத்தின் பிரிவு 16-இன் கீழ் உச்ச நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ நியமிப்பது. வயதானவர், நிறைய ஜூனியர்கள் உள்ளவர் என்பதால் ஒருவர் மூத்த வழக்கறிஞர் ஆகிவிட மாட்டார். பேச்சுவழக்கில் ‘சீனியர்’ என்று அழைப்பது மரியாதை. கார்டில் ‘மூத்த வழக்கறிஞர்’ என்று அச்சடிப்பது நியமனம் இல்லாவிட்டால் பொய். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நியமிக்கப்பட்ட மூத்த வழக்கறிஞர் வக்காலத்து தாக்கல் செய்ய முடியாது, கட்சிக்காரரிடமிருந்து நேரடியாக வழக்கை ஏற்கவும் கூடாது. இன்னொரு வழக்கறிஞர் வழியாகத்தான் வருவார். ‘மூத்த வழக்கறிஞர்’ என்ற கார்டைக் கொடுத்துவிட்டு உங்களிடமே வக்காலத்தில் கையெழுத்து வாங்கினால், இரண்டில் ஒன்று சரியில்லை.

அட்வகேட்-ஆன்-ரெக்கார்டு (ஏஓஆர்): உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்யும் உரிமை உள்ளவர். நான்கு வருடம் பார் பதிவு, அதன்பின் ஓர் ஏஓஆரிடம் ஒரு வருடப் பயிற்சி, உச்ச நீதிமன்றம் நடத்தும் தேர்வு, நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அலுவலகம், பதிவு பெற்ற குமாஸ்தா என்று நிபந்தனைகள் உண்டு. இந்திய வழக்கறிஞர் தொழிலில் தேர்வு எழுதிப் பெறும் கூடுதல் தகுதி என்று சொல்லத் தக்கது இது ஒன்றுதான். அதுவும் நடைமுறை சார்ந்தது, துறை சார்ந்தது அல்ல.

நோட்டரி: நோட்டரிகள் சட்டம், 1952-இன் கீழ் மத்திய அரசோ மாநில அரசோ நியமிப்பது. பொதுப் பிரிவினருக்கு 10 வருடத் தொழில் அனுபவம் வேண்டும். சான்றிதழ் 5 வருடம் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். பத்திரம் எழுதுவதில் நிபுணர் என்ற பொருள் இதற்கு இல்லை.

அகில இந்திய பார் தேர்வில் தேறியவருக்குத் தரும் தொழில் செய்யும் சான்றிதழையும் சிலர் ஃப்ரேம் போட்டு மாட்டி, தனித்தகுதி போலக் காட்டுகிறார்கள். அது தொழில் செய்ய எல்லோருக்கும் வேண்டிய அடிப்படை அனுமதி.

எம்.எல்., பி.எச்டி., டிப்ளமோ இவற்றைப் போடலாமா? கௌரவ டாக்டர் பட்டம்?

பல்கலைக்கழகம் கொடுத்த பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போடுவதை விதி தடுக்கவில்லை. ‘எம்.எல்.’ என்று நிறுத்திக்கொள்வது நல்லது. பட்டத்தின் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டுத் துறையைப் பெரிய எழுத்தில் எழுதி, பட்டத்தைச் சின்னதாக்கினால், தனித்திறன் சொல்லும் வேலையைத்தான் அது செய்கிறது.

கௌரவ டாக்டர் விஷயத்தில் கவனம் தேவை. பல்கலைக்கழக மானியக் குழு சட்டம், 1956-இன் பிரிவு 22-இன்படி, சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்களும் அதிகாரம் பெற்ற நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்க முடியும். ஹோட்டல் அரங்கில் விழா எடுத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு, பெயரில் மட்டும் ‘பல்கலைக்கழகம்’ வைத்திருக்கும் அமைப்பு அணிவிக்கும் அங்கிக்கு மதிப்பு இல்லை. அதை நம்பிப் பெயருக்கு முன் ‘டாக்டர்’ போட்டால், விளம்பரக் குற்றச்சாட்டோடு பொய்த் தகுதிக் குற்றச்சாட்டும் சேரும்.

அமெரிக்க வழக்கறிஞர் தளங்களில் ‘போர்டு சர்ட்டிஃபைடு’ (ஓர் அமைப்பு நிபுணர் என்று சான்றளித்தவர்) என்று இருக்கிறதே?

அங்கே சட்டம் வேறு. 1977-இல் அரிசோனா பார் தொடர்பான பேட்ஸ் வழக்கில், வழக்கறிஞர் விளம்பரத்தை ஒட்டுமொத்தமாகத் தடை செய்ய முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1990-இல் பீல் வழக்கில், ஒரு தேசிய அமைப்பு கொடுத்த விசாரணை வழக்கறிஞர் சான்றை லெட்டர்ஹெட்டில் போட்டதற்காக இல்லினாய் வழக்கறிஞர் ஒருவருக்கு விதித்த கண்டனத்தை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. இன்றைய அமெரிக்க பார் அசோசியேஷன் மாதிரி விதி 7.2(சி)-இன்படி, சான்றளித்த அமைப்பு மாநில அதிகாரியின் ஒப்புதலோ அந்த அசோசியேஷனின் அங்கீகாரமோ பெற்றிருக்க வேண்டும். அமைப்பின் பெயரையும் தெளிவாகக் காட்ட வேண்டும். அங்கேயும் சும்மா சொல்லிக்கொள்ள முடியாது.

நம் ஊர் டிசைனர்கள் அமெரிக்க டெம்ப்ளேட்டை வாங்கி, ‘இலவச முதல் ஆலோசனை’, ‘வென்ற தொகை’, ‘வாடிக்கையாளர் கருத்து’ பெட்டிகளோடு அப்படியே நிரப்பித் தருகிறார்கள். அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றும் இங்கே ஒரு மீறல்.

இணையதளம் வைக்கலாமா?

வைக்கலாம். 2008-இல் விதி 36-உடன் சேர்த்த விதிவிலக்கு அதை அனுமதிக்கிறது. ஆனால் என்ன போடலாம் என்பதை ஒரு பட்டியலில் அடைத்துவிட்டது:

1. பெயர்.
2. முகவரி, தொலைபேசி எண்கள், மின்னஞ்சல்.
3. பதிவு எண், பதிவு செய்த தேதி, முதலில் பதிவு செய்த மாநில பார் கவுன்சில், இப்போது பெயர் உள்ள மாநில பார் கவுன்சில், உறுப்பினராக உள்ள வழக்கறிஞர் சங்கம்.
4. தொழில் தகுதி, கல்வித் தகுதி.
5. தொழில் செய்யும் துறைகள்: சிவில், கிரிமினல், வரி, தொழிலாளர் என்பது போல.

இதோடு, கொடுத்த தகவல்கள் உண்மை என்ற உறுதிமொழியும் கையொப்பமும். தளத்தைப் பற்றி இந்திய பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்றும் விதிவிலக்கு சொல்கிறது. அனுமதித்ததற்கு மேல் எதைச் சேர்த்தாலும் விதி மீறல் என்று அதுவே முடிகிறது. தகவலை அனுப்பும்போது தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அச்செடுத்து இணைத்து, ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்தை மாற்றினால் மாற்றிய பக்கத்தையும் அனுப்புங்கள்.

ஐந்தாவது வரியில்தான் பலர் வழுக்குகிறார்கள். ‘துறை: குடும்பச் சட்டம்’ என்பது அனுமதி. ‘குடும்பச் சட்டத்தில் 15 ஆண்டு நிபுணத்துவம், 500-க்கும் மேற்பட்ட வெற்றிகள்’ என்பது மீறல். துறையின் பெயரோடு நிறுத்துங்கள். அதன் பின்னால் பெயரடை எதுவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் இது பொருந்தும்: பக்கத் தலைப்பிலும் தேடுபொறிக்கான விவரக்குறிப்பிலும் ‘சென்னையின் சிறந்த விவாகரத்து வக்கீல்’ என்று டிசைனர் எழுதிவைத்திருப்பார். கூகுளில் உங்கள் பெயரைத் தேடினால் அந்த வரி பளிச்சென்று வரும். தளத்தை ஒப்புக்கொள்ளும் முன் அதைக் கேட்டுப் பாருங்கள்.

தளத்தைத் திறந்ததும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பெட்டி வருகிறதே, அது போதுமா?

போதாது. ‘இது விளம்பரம் அல்ல, நானாகவே தகவல் தேடி வந்தேன்’ என்று வருபவரைச் சொல்லவைக்கும் அந்தப் பெட்டி தொழிலில் ஏற்பட்ட வழக்கம். விதிவிலக்கின் பட்டியலில் அது இல்லை. உள்ளே சரியான ஐந்து தகவல் மட்டும் இருந்தால் பெட்டி இல்லாமலும் பிரச்சினை இல்லை. உள்ளே ‘நம்பர் ஒன்’ என்று இருந்தால் பெட்டி காப்பாற்றாது.

கூகுள் வரைபடம், சேவைத் தேடல் தளங்கள், கட்டண விளம்பரம்?

காசு கொடுத்துத் தேடலில் மேலே வருவது, ஒரு கிளிக்குக்கு இவ்வளவு என்று கட்டுவது, ‘லீட்’ (வக்கீல் தேடுபவரின் தொடர்பு விவரம்) வாங்குவது எல்லாமே விளம்பரமும் வேலை கேட்பதும்தான். இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலை 3 அன்று அளித்த தீர்ப்பு இந்த வகைத் தளங்களைப் பற்றியதுதான். வழக்கறிஞர்களுக்கு நட்சத்திரம் போட்டு, தரவரிசை கொடுத்து, விலை வைத்துச் சேவையாக விற்பதை அது கடுமையாகக் கண்டித்தது. அப்படி விளம்பரம் செய்யும் வழக்கறிஞர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க மாநில பார் கவுன்சில்களுக்கு அறிவுறுத்தும்படி இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே மாதத்தில் பார் கவுன்சிலும் அப்படி அறிவுறுத்தியது. இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டும் முன், மேல்முறையீட்டில் அதன் இன்றைய நிலை என்ன என்பதை உச்ச நீதிமன்றத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விதி 36 அந்தத் தீர்ப்பை நம்பி நிற்கவில்லை.

வரைபடத்தில் அலுவலகம் இருக்கும் இடத்தைக் குறிப்பது டிஜிட்டல் பெயர்ப்பலகை என்று வாதிடலாம். பெயர், முகவரி, எண், நேரம் இவற்றோடு இருக்கும்வரை அந்த வாதம் நியாயமானது. கட்சிக்காரர்களிடம் ஐந்து நட்சத்திரம் கேட்டு லிங்க் அனுப்பினால் நியாயம் போய்விடும். நீங்கள் சேர்க்காமலேயே சில தளங்கள் உங்கள் பெயரைப் பட்டியலிடும். அப்போது நீக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பி, அதை வைத்திருங்கள். புகார் வந்தால் ‘நான் போடவில்லை’ என்பதற்கு அந்த ஒரு மின்னஞ்சல்தான் ஆதாரம்.

யூடியூபில் சட்டம் சொல்லித்தருவது தவறா?

தவறில்லை. விதி 51 வழக்கறிஞர்களுக்கு ஒலிபரப்பு, பத்திரிகைப் பணி, சொற்பொழிவு, கற்பித்தல் எல்லாவற்றையும் அனுமதிக்கிறது. விளம்பரத் தடைக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடு. பட்டா மாறுதலுக்கு எங்கே மனு கொடுப்பது என்று விளக்குவது கற்பித்தல். கடைசியில் ‘உங்கள் வழக்குக்கு இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரையில் எண் ஓடினால், அதற்கு முன் பேசிய பத்து நிமிடமும் விளம்பரத்தின் முன்னுரை ஆகிவிடும்.

ரீல்ஸ் எடுப்பவர்கள் மறக்கும் இன்னொரு விதி: நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடங்களில் கவுனும் கழுத்துப் பட்டையும் அணியக் கூடாது. விதிவிலக்கு, பார் கவுன்சிலோ நீதிமன்றமோ அனுமதித்த சடங்கு நிகழ்ச்சிகள். கவுனைப் பறக்கவிட்டு ஸ்லோமோஷனில் நடந்து வரும் காட்சி ஒரே நேரத்தில் இரண்டு விதிகளை மீறுகிறது. 2025 மார்ச்சில் இந்திய பார் கவுன்சில் வெளியிட்ட அறிக்கை, நடிகர்களையும் சமூக ஊடகப் பிரபலங்களையும் வைத்துச் சட்டத் தொழிலை விளம்பரப்படுத்துவதையும், தகுதி இல்லாமல் சட்ட ஆலோசனை சொல்லும் இன்ஃப்ளூயன்சர்களையும் கண்டித்தது.

புதிய அலுவலகம் திறந்தால் வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பலாமா?

ஏற்கெனவே வழக்கு கொடுத்திருக்கும் கட்சிக்காரர்களுக்கும் சக வழக்கறிஞர்களுக்கும் முகவரி மாற்றம் தெரிவிப்பது கடமையே. அடுக்குமாடிக் குடியிருப்புக் குழு, பள்ளி முன்னாள் மாணவர் குழு என்று அனுப்புவது சுற்றறிக்கை. பெயரும் முகவரியும் மட்டும் அச்சடித்த அஞ்சலட்டையைச் சுற்றுக்கு விட்டதையே முறையற்ற நடத்தை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1929-இல் சொல்லியிருக்கிறது. வாட்ஸ்அப்புக்கு வேறு நியாயம் இருக்க முடியாது.

வாழ்த்து பேனர், திருவிழா மலர், கல்யாணப் பத்திரிகை?

பத்திரிகையில் பெயருக்குப் பின் ‘வழக்கறிஞர்’ என்று வருவது அறிமுகம். மலரில் அரைப்பக்கம் வாங்கி, படமும் அலுவலக எண்ணும் போட்டு ‘நல்வாழ்த்துகள்’ சொல்வது விளம்பரம். நண்பர்கள் வைத்த ஃபிளெக்ஸுக்கு நான் பொறுப்பா என்று கேட்பார்கள். ‘மறைமுகமாகவும்’ என்ற சொல் விதியில் இருப்பது இதற்குத்தான். நண்பர்களிடம் முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வைத்துவிட்டால் அன்றே இறக்கச் சொல்லுங்கள்.

வழக்கு கொண்டுவருபவருக்குக் கமிஷன் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. வழக்கறிஞர் அல்லாத ஒருவரோடு கட்டணத்தைப் பகிரும் எந்த ஏற்பாட்டையும் பார் கவுன்சில் விதிகள் தனியாகத் தடை செய்கின்றன. விபத்து நடந்த மறுநாள் மருத்துவமனை வார்டில் வக்காலத்தோடு வந்து நிற்கும் ஆள், பதிவு அலுவலக வாசலில் நிற்கும் புரோக்கர், ஒரு வழக்குக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்ளும் செயலி எல்லாம் இந்தத் தடைக்குள் வரும்.

தரகருக்கும் இப்போது தனிச் சட்டம் உண்டு. வழக்கறிஞர்கள் சட்டத்தில் 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சேர்த்த பிரிவு 45ஏ, 2024 செப்டம்பர் 30 முதல் நடைமுறையில் உள்ளது. நீதிமன்றம் தரகர்களின் பட்டியலை வெளியிடலாம். பட்டியலில் பெயர் உள்ளவர் தரகு வேலை பார்த்தால் 3 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பட்டியலில் சேர்க்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும். அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிப்பு வரலாம். தரகரை வைத்திருந்த வழக்கறிஞருக்கு ஆபத்து பிரிவு 35-இல் இருக்கிறது.

‘ஜெயித்தால் மட்டும் ஃபீஸ்’ என்ற அறிவிப்பு?

விளம்பரம் என்பதை விட்டாலும் அந்த ஏற்பாடே தவறு. விதி 20, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் தடுக்கிறது. இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று எழுதி வாங்கும் தாள், பின்னாளில் கட்சிக்காரர் கையில் ஆதாரமாகிறது. பணமே கட்ட இயலாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். உதவி எண் 15100.

விளம்பரம் பேச்சுரிமை இல்லையா?

வணிக விளம்பரமும் அரசமைப்பின் 19(1)(ஏ) பாதுகாப்புக்குள் வரும் என்று டாடா பிரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. அதை வைத்து விதி 36-ஐத் தாக்கும் வாதங்கள் தொடர்ந்து எழுகின்றன. எதிர்ப்பக்கம் 1975-இல் தபோல்கர் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் சொன்னது நிற்கிறது: சட்டம் வியாபாரம் அல்ல, வழக்குகள் சரக்கும் அல்ல. மும்பை மாஜிஸ்திரேட் நீதிமன்ற வாசலில் கட்சிக்காரர்களைக் கையைப் பிடித்து இழுத்த வழக்கறிஞர்களைப் பற்றிய வழக்கு அது. ஐந்து தகவலோடு தளத்தை நிறுத்தும் விதி இன்றைக்குப் பழையதாகத் தோன்றலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் விதி மாறும்வரை மீறியவரைக் காப்பாற்ற அந்தத் தோற்றம் உதவாது.

ஏமாற்றும் விளம்பரத்தைப் பார்த்தால் எங்கே புகார் செய்வது?

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள். வழக்கறிஞரின் தொழில்முறைப் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. போக வேண்டிய இடம் அவர் பதிவு பெற்ற மாநில பார் கவுன்சில். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது.

புகார் மனு வடிவில், கையொப்பத்தோடும், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கேட்கும் சரிபார்ப்பு உறுதியோடும் இருக்க வேண்டும். மாநில ஆட்சிமொழியிலேயே எழுதலாம் என்பதால் தமிழில் கொடுக்கத் தடையில்லை. நிர்ணயித்த கட்டணத்தைச் செலுத்த வேண்டும். தொகையைப் பார் கவுன்சில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான புகார்கள் தடுக்கி நிற்பது சரிபார்ப்பு வாசகமும் கட்டணமும் இல்லாததால்தான். வழக்கறிஞரின் முழுப் பெயர், பதிவு எண் தெரிந்தால் அது, விளம்பரம் எங்கே எப்போது பார்த்தது, அதை நம்பி என்ன நடந்தது என்று தேதி வரிசையில் எழுதுங்கள். ‘பெரிய மோசடிக்காரர்’ போன்ற வசை எதற்கும் பயன்படாது.

ஆதாரத்தை அன்றே எடுத்துவையுங்கள். நோட்டீஸ் போனதும் பக்கம் காணாமல் போகும். ஸ்கிரீன்ஷாட்டில் இணைய முகவரியும் தேதியும் தெரிய வேண்டும். போர்டாக இருந்தால் அக்கம்பக்கம் தெரியும்படி ஒரு படம், எழுத்து தெரியும்படி ஒரு படம். மின்னணு ஆதாரத்தோடு பாரதிய சாக்ஷிய சட்டத்தின் பிரிவு 63-இன்படியான சான்றையும் இணைத்தால் பின்னால் ஆட்சேபணை குறையும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் வந்திருப்பது இது. காணொளியின் மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

அதன் பிறகு என்ன நடக்கும்?

முகாந்திரம் இருப்பதாகப் பார் கவுன்சில் கருதினால் மூவர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். குழு புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பட்டியலிலிருந்தே பெயரை நீக்கலாம். ஒரு வருடத்துக்குள் முடியாவிட்டால் வழக்கறிஞர்கள் சட்டத்தின் பிரிவு 36பி-இன்படி விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். மாநிலக் குழுவின் உத்தரவை எதிர்த்து 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கும், அங்கிருந்து 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு செய்யலாம். நடுவில் இருவரும் சமாதானமாகிவிட்டோம் என்று சொல்லிப் புகாரை வாபஸ் வாங்கினாலும், அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் விசாரணை கைவிடப்படாது. பணம் கொடுத்து முடித்துவிடலாம் என்று நினைக்கும் வழக்கறிஞர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

ஏற்கெனவே தவறாகப் போட்டிருக்கிறேன். எங்கிருந்து சரிசெய்வது?

ஓடிக்கொண்டிருக்கும் கட்டண விளம்பரங்களை முதலில் நிறுத்துங்கள். அவைதான் ஒவ்வொரு நாளும் புதிய மீறலை உண்டாக்குகின்றன. அடுத்து தேடல் தளங்களில் உள்ள கட்டணப் பட்டியலை ரத்து செய்து, ரத்து செய்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இணையதளத்தை ஐந்து தகவலுக்குச் சுருக்குங்கள். பக்கத் தலைப்பையும் மறக்க வேண்டாம். சமூக ஊடகப் பக்கங்களின் முகப்பு அறிமுக வரியில் ‘நிபுணர்’, ‘ஸ்பெஷலிஸ்ட்’, ‘முன்னணி’ என்ற சொற்களை எடுத்துவிடுங்கள். போர்டையும் கார்டையும் கடைசியில் மாற்றலாம், ஆனால் அச்சகத்தில் மீதமிருக்கும் பழைய கார்டுகளைக் குமாஸ்தா தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருப்பார். கட்டோடு வாங்கிக் கிழித்துவிடுங்கள். நோட்டீஸ் ஏற்கெனவே வந்திருந்தால் எதையும் நீக்கும் முன் இருந்ததை அப்படியே பதிவு செய்துகொண்டு, நீக்கிய தேதியைப் பதில் மனுவில் ஒப்புக்கொள்ளுங்கள். சத்தமில்லாமல் அழித்துவிட்டு ‘அப்படி ஒன்று இருந்ததே இல்லை’ என்று பதில் சொன்னால், புகார்தாரரின் ஸ்கிரீன்ஷாட் வரும்போது விளம்பர வழக்கு பொய் சொன்ன வழக்காக மாறிவிடும்.